உம்மாவின் பிரஷர் எவ்வளவு?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மாத்திரை அட்டைகள். வாப்பாவின் நீரிழிவுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாமியின் பிரஷருக்கு ஒன்று. கொலஸ்ட்ரோலுக்குப் படுக்கப் போகும் முன் ஒன்று. எது யாருக்கு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் மனப்பாடம். அவர்தான் அந்த வீட்டு உம்மா.

"உம்மா, உங்கட பிரஷர் எவ்வளவு?" என்று மகள் கேட்டால் என்ன பதில் வரும்?

"எனக்கென்ன மகள்? நான் நல்லாத்தானே இரிக்கிறேன். தம்பி பிறக்கக்கொள்ள கிளினிக்கில பார்த்தாங்க. அதுக்குப் பிறகு எங்க நேரம்?"

அந்தத் தம்பிக்கு இப்போது இருபது வயது!

சகோதரிகளே, இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையல்ல. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் இப்படிப்பட்ட உம்மாமார் எத்தனையோ பேர். வீட்டிலுள்ள அனைவரின் நோயும் அவர்களுக்குத் தெரியும். தம்முடைய உடம்பைப் பற்றி மட்டும் தெரியாது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற தொற்றா நோய்களைப் பற்றிப் பேச வேண்டுமானால், அந்த உம்மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நுளம்பை வென்றோம், ஆனால்...

நம் உம்மம்மாமாரின் காலத்தில் நோய் என்றால் பெரும்பாலும் காய்ச்சல்தான். மலேரியா, வயிற்றோட்டம், யானைக்கால் என்று அவை வெளியிலிருந்து வந்தன. நுளம்பாலும் அழுக்குத் தண்ணீராலும் பரவின. இலங்கை அவற்றுடன் நீண்ட காலம் போராடிப் பலவற்றை வென்றிருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டில், யானைக்கால் நோயும் இனி இங்கே ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையல்ல என்று அறிவித்தது. டெங்கு மட்டும் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

ஆனால் இன்று இந்நாட்டில் நிகழும் நூறு மரணங்களில் எண்பதுக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. இந்த நோய்களுக்கு நுளம்பு இல்லை, கிருமி இல்லை. புகை அடித்து விரட்ட முடியாது. தடுப்பூசி போட்டுத் தப்பவும் முடியாது. நம் சோற்றுக் கோப்பையிலும் தேநீரிலும் நாம் உட்கார்ந்திருக்கும் கதிரையிலும் அவை மெல்ல மெல்ல வளர்கின்றன.

நீரிழிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2005-2006 காலப்பகுதியில் நாடளாவிய ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது. கிராமப்புறங்களில் 8.7 சதவீதம்; நகரங்களிலோ 16.4 சதவீதம். இதைவிடக் கவலை தந்த செய்தி ஒன்றும் அதில் இருந்தது. நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, பரிசோதனை செய்யும் வரை அது தெரியவே தெரியாது!

பின்னர் 2018-2019இல் நடந்த மற்றொரு தேசிய ஆய்வில், வளர்ந்தவர்களிடையே நீரிழிவு 23 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ நான்கு பேருக்கு ஒருவர். நகரமயமான பகுதிகளில் வசிப்போரிடமும் முஸ்லிம்களிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது. கொழும்பு நகரில் தனியாக நடத்தப்பட்ட ஆய்விலும் நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. நகரத்தவர், முஸ்லிம்கள் என்ற இரண்டு பட்டியலிலும் நாம் இருக்கிறோம்.

நகரம் நம்மை என்ன செய்தது?

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் யாழ்ப்பாணம், மன்னார், கிழக்கு என்று பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். உரலில் மா இடித்தோம். கடைக்கும் மத்ரஸாவுக்கும் நடந்தே போனோம். இதையெல்லாம் உடற்பயிற்சி என்று எவரும் சொன்னதில்லை. அது நாளாந்த வேலை, அவ்வளவுதான்.

இங்கே வந்தபின் தண்ணீர் குழாயில் வருகிறது. மா பக்கெற்றில் வருகிறது. மாடிக்கு லிஃப்ட் ஏற்றிவிடுகிறது. காலி வீதியில் இரண்டு பஸ் தரிப்புத் தூரம் போவதற்கும் முச்சக்கரவண்டி. வேலை குறைந்தது, சாப்பாடு குறையவில்லை. காலையில் பராட்டா, பகலில் கோப்பை நிறையச் சோறு, மாலையில் ரோல்ஸ் அல்லது பெட்டிஸ், இரவில் ஒரு கொத்து ரொட்டிப் பார்சல். வெள்ளிக்கிழமை புரியாணி. கல்யாண வீடென்றால் சஹன் சாப்பாடு, அதன்மேல் வட்டிலப்பம்.

உண்பது குற்றமல்ல, விருந்தோம்பல் நம் பண்பு. ஆனால் முன்பு பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் உண்டதை இன்று கிழமைக்கு மூன்று நாள் உண்கிறோம்.

இன்னொரு விடயமும் உண்டு. தெற்காசிய மக்களான நமக்கு, ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. பார்வைக்கு மெலிந்தவர்தான், கை கால் ஒல்லி, ஆனால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு. "அவ மெல்லிசு தானே, அவவுக்கு எப்படி சீனி வருத்தம்?" என்று நாம் வியப்பது இதனால்தான். ஆகவே தராசை மட்டும் நம்ப வேண்டாம். தையல் பெட்டியிலிருக்கும் அளவு நாடாவை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை!

பிள்ளை வயிற்றிலிருந்தபோது சீனி கூடியிருந்த தாய்மார் மேலும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அது மறைந்துவிட்டது என்று பலர் நிம்மதியடைகிறார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவம் முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒரு பரிசோதனையும், அதன்பின் காலத்துக்குக் காலம் பரிசோதனையும் அவசியம்.

நோயாளிக்குத் தனிச் சட்டியா?

வீட்டில் ஒருவருக்குச் "சீனி" என்று வைத்தியர் சொன்னதும் நாம் செய்வது என்ன? அவருக்கு மட்டும் தனிச் சமையல். எல்லோருக்கும் எண்ணெயில் பொரித்த மீன். அவருக்கு மட்டும் அவித்த மரக்கறி. எல்லோருக்கும் இனிப்புத் தேநீர்; அவருக்கு மட்டும் வெறும் தேநீர். பத்து நாள் பொறுப்பார். பதினோராம் நாள் யாருமில்லாத நேரம் பார்த்து அலுமாரியைத் திறப்பார். சமைப்பவருக்கோ வேலை இரட்டிப்பு.

கொஞ்சம் யோசியுங்கள். வாப்பாவுக்கு நீரிழிவு என்றால், அவருடைய பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்புக் கூடுதல். அதே சட்டியில் சமைத்ததைத்தான் அவர்களும் உண்கிறார்கள். சமைக்கும் உம்மாவும் கடைசியில் மிஞ்சியதை உண்டு முடிக்கிறார். ஆகவே மாற வேண்டியது நோயாளியின் கோப்பை மட்டுமல்ல, அந்த வீட்டின் அடுப்பே மாற வேண்டும். வாப்பாவுக்கு நல்லது என்று வைத்தியர் சொல்லும் சாப்பாடு, பத்து வயது மகனுக்கும் நல்லதுதான்.

இதற்குப் பலன் உண்டா? நம்மைப் போலவே சோறு உண்ணும் சென்னையில், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு ஓர் ஆய்வு நடத்தி 2006இல் முடிவை வெளியிட்டது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். உணவைத் திருத்தி நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். அதாவது சமையலறையில் செய்யும் மாற்றம், மாத்திரைக்குச் சளைத்ததல்ல! கொழும்பிலேயே இளம் வயதினரை வைத்து நடந்த ஆய்விலும், ஆண்டுக்கு ஒரு தடவை ஆலோசனை பெற்றவர்களைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெற்றவர்களுக்குப் பாதிப்புக் குறைவாக இருந்தது. ஒரு தடவை சொன்னால் மறந்துவிடுகிறோம். அடிக்கடி நினைவூட்ட ஒருவர் வேண்டும். வீட்டில் அந்த வேலையை உம்மாவைவிட நன்றாக யார் செய்வார்?

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை

1. தேநீர்: ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி. ஏறத்தாழ 40 முதல் 50 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

2. கோப்பை: பாதியை மரக்கறியாலும் கீரையாலும் நிரப்புங்கள். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. முதலில் மரக்கறியைப் போட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் போடுங்கள். சோறு தானாகவே குறையும்.

3. உப்பு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், பப்படம், சூப் கட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மேசையில் உப்புப் போத்தல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

4. எண்ணெய்: சமோசா பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் மீன் பொரிக்க வேண்டாம். பொரிப்பதைக் கிழமையில் ஒன்றிரண்டு நாளுக்குக் குறையுங்கள்.

5. போத்தல் பானம்: இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் வந்தது. சிவப்பு என்றால் சீனி அதிகம். கடைக்குப் போகும் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். விளையாட்டுப் போலப் பழகிக்கொள்வார்கள்.

6. நடை: கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். வெள்ளவத்தைச் சகோதரிகளுக்கு மெரின் டிரைவ் கடற்கரைப் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. அஸருக்குப் பின் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகலாம். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் குடியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வாசலைத் தாண்டினால் வாகனம். அவர்கள் மொட்டை மாடியிலோ வீட்டு விறாந்தையிலோ நடக்கலாம். பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கு ஒன்றுதான். முழங்காலில் நோவில்லாதவர்கள் இறங்கும்போதாவது படியைப் பாவிக்கலாம்.

7. புகை: வீட்டுக்குள் புகைப்பவர் தன்னை மட்டுமல்ல, மனைவி மக்களையும் வருத்துகிறார். பொது இடங்களில் புகைத்தலைச் சட்டம் 2006இலேயே தடுத்துவிட்டது. வீட்டுக்கு அந்தச் சட்டத்தைப் போட வேண்டியவர் நீங்கள்தான்.

நோன்பும் நீரிழிவும்

நமது வீடுகளில் மட்டும் எழும் கேள்வி ஒன்று இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் நோன்பு பிடிக்கலாமா?

2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முதிர்ந்த வயதில் வரும் வகை நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலானோர் நோன்பு பிடித்தார்கள். அவர்களிடம் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும் சம்பவங்கள், மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு அதிகரித்தன. நூறு பேருக்கு மாதம் மூன்று என்ற அளவு அது. பெரும்பாலானோர் நலமாகவே இருந்தார்கள். ஆனால் அந்த மூவரில் ஒருவர் நம் உம்மாவாக இருந்தால்?

எனவே நோன்புக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே வைத்தியரைக் காணுங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். காலை மாத்திரையை நாமாகவே இஃப்தாருக்கு மாற்றுவதும், சஹருக்கு இரட்டிப்பாக எடுப்பதும் ஆபத்து. இன்சுலின் போடுபவர், சிறுநீரகம் பழுதடைந்தவர், கர்ப்பிணிகள், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர் ஆகியோர் வைத்தியரின் சொல்லைத் தட்டக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சி அதைத் தள்ளிவிட வேண்டாம்.

நோன்போடு விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து. சீனி 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, பேச்சில் குழப்பம் ஆகியவை சீனி இறங்குவதன் அறிகுறிகள். "மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம்தானே" என்று பொறுத்திருக்க வேண்டாம்.

நோன்பு திறக்கும்போது ஓரிரு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி போதும். சர்பத், பாலூதா, ரோல்ஸ், சமோசா, வட்டிலப்பம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பினால், பகல் முழுவதும் உடம்புக்குக் கிடைத்த ஓய்வு ஒரு மணித்தியாலத்தில் வீணாகிவிடும். அதைப் பொரிக்க அஸர் தொடக்கம் அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

எங்கே போவது?

பணமில்லாமல் பரிசோதிக்க வழி இருக்கிறது. 2011 முதல் அரச சுகாதார சேவையில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் தொடங்கப்பட்டன. 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, எடை ஆகியவற்றை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்களுக்கென்றே 1996 முதல் "சுவநாரி" கிளினிக் என்று சொல்லப்படும் பெண்கள் நல கிளினிக்குகளும் நடைபெறுகின்றன. அங்கே மார்பகப் பரிசோதனையும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் பரிசோதனையும் செய்வார்கள். ஆண் வைத்தியரிடம் போகக் கூச்சமென்றால், உங்கள் பகுதியின் மிட்வைஃபிடம் கேளுங்கள். எந்த நாள், எங்கே என்று அவரே சொல்வார்.

இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்று திரும்பத் திரும்பக் காட்டினால் அது உயர் குருதியமுக்கம். எட்டு மணித்தியாலம் வெறும் வயிற்றில் இருந்தபின் எடுக்கும் சீனி 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அதை இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்வார்கள். 100க்கும் 126க்கும் இடையில் நின்றால், நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். திரும்பிப் போக இன்னும் நேரமிருக்கிறது.

மருந்து தொடங்கியபின், "இப்போ சரியாயிட்டு" என்று நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. சரியாக இருப்பது அந்த மாத்திரையால்தான். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மாத்திரையைப் பாதியாக உடைத்தும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தும் சமாளித்த குடும்பங்கள் உண்டு. அப்படியான நிலை வந்தால் மருந்துச் சீட்டோடு வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். அதே மருந்து வேறு பெயரில், மலிவான விலையில் கிடைக்கக்கூடும். விற்பனைப் பெயரை மட்டுமன்றி மருந்தின் சொந்தப் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"வாயு" என்று விட்டுவிடாதீர்கள்

நெஞ்சு இறுகினால் இஞ்சித் தேநீர், ஓமத் தண்ணீர், சோடா. இது நம் வீட்டு வைத்தியம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சில வேளை நெஞ்சுவலியே பெரிதாக இருக்காது. மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகு வலி, குமட்டல், திடீரென்று காரணமில்லாத களைப்பு என்றுதான் வரும். வாயு என்று படுத்துவிடுகிறோம்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டும் நேரத்தைக் கழிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் "சுவசெரிய" அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இனி, மகள்மாருக்கு ஒரு வார்த்தை.

உம்மா தானாகப் போக மாட்டார். வாப்பாவின் கிளினிக் நாளை அவர் மறப்பதில்லை. தனக்கென்று ஒரு நாளைக் குறிப்பதும் இல்லை. "எனக்கென்ன" என்பதுதான் அவருடைய பதில். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வருகிற கிழமையில் ஒரு காலையைத் தெரிவு செய்யுங்கள். அன்றைய சமையலை நீங்கள் பாருங்கள், அல்லது தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பட்டியைக் கையில் சுற்றும் வரை பக்கத்தில் நில்லுங்கள். வரும் எண்ணை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பிறகு யாராவது "உம்மாவின் பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால், வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருக்கும்.